படத்தில் உள்ளபடி ஒதுங்கியவர்கள்

நத்தைக்குளத்தில் அறிவுக்குப் பஞ்சம் கிடையாது. இருந்ததை எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டதில் ஆளுக்குக் கொஞ்சம் குறைந்துபோனது, அவ்வளவுதான்.

அந்த ஊர்த் தள்ளுவண்டி வியாபாரிகள் சங்கத்துக்குக் கோதண்டம் தலைவர். மறியல், உண்ணாவிரதம், சிறை எல்லாம் பார்த்தவர். தடியடியில் முதுகு காட்டாதவர். அதனால் அடியெல்லாம் மூக்கில்தான் வாங்கியிருந்தார்.

பேருந்து நிலைய வாசலில் நிற்கும் தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்தப் போவதாக நகராட்சி அறிவித்தது. பேருந்து திரும்ப வழியில்லையாம். அதே வாசலில் நின்ற கார்கள் யார் கண்ணையும் உறுத்தவில்லை. வாசல் போனால் சோறு போச்சு. கோதண்டம் ஆணையரின் மேசையைத் தட்டிப் பேசினார்.

"பஸ் வந்தா வண்டி ஒதுங்கும். பஸ் போனா பழைய இடத்துக்கு வரும். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"வாயால சொன்னா போதாதுய்யா. எப்படி ஒதுங்குவீங்கன்னு அசையுற படமாச் செஞ்சு உங்க சங்கத்து இணையதளத்துல போடுங்க. திங்கட்கிழமை உத்தரவு போடறேன்" என்றார் ஆணையர்.

கோதண்டமும் சங்கத்து வியாபாரிகள் இருவரும் கணினி மையம் நடத்தும் ரெஜினாவிடம் போனார்கள். அவள் திரையில் ஒரு பேருந்தையும் ஒரு தள்ளுவண்டியையும் வரைந்தாள். பேருந்தை வரவும் போகவும் வைத்தாள். வண்டி மட்டும் பாக்கி. அதற்குள் அவளுக்குக் கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

"அண்ணே, இதுக்கு ஆட்டோ கீஃப்ரேம்னு பேரு. இந்தச் சிவப்புப் பொத்தான் எரியுற வரைக்கும் நீங்க வண்டியை எங்க நகர்த்தினாலும் அதுவே குறிச்சுக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே இருக்கிற நேரக்கோட்டைக் கொஞ்சம் தள்ளுங்க, அப்புறம் வண்டியை நகர்த்துங்க. நடுவுல வண்டி எப்படிப் போகணுங்கிறதை அதுவே போட்டுக்கும். பொத்தானை மட்டும் அணைச்சுடாதீங்க. முடிஞ்சதும் பச்சையை அமுக்கினா இணையதளத்துக்குப் போயிடும்."

அவள் தலை மறைந்ததும் சுண்டல் விற்கும் சன்னாசி வெளியே ஓடித் தன் வண்டியை நன்றாகத் தள்ளிவிட்டு வந்து திரையைப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

"தலைவரே, என் வண்டியை இது குறிச்சுக்கலை! சுண்டல்னா இளக்காரமா?"

"கேட்டியா சூசை? கம்ப்யூட்டருக்குள்ளேயும் பாரபட்சம் புகுந்துடுச்சு" என்றார் கோதண்டம். இதைக் கண்டித்து ஒரு நிமிடம் கோஷம் போட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார்கள்.

வெள்ளரிக்காய் விற்கும் சூசை மவுஸைப் பிடித்தான். நேரக்கோட்டைத் தள்ளினான். வண்டியை ஓரமாக நகர்த்தும்போது சன்னாசியின் முழங்கை இடித்தது. வண்டி பேருந்தின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தது.

"இறக்குடா, இறக்குடா!"

"பொறுங்க தலைவரே, ரெஜினா சொன்ன முறைப்படிதான் இறக்கணும்." சூசை முதலில் நேரக்கோட்டைத் தள்ளினான், பிறகு இறக்கினான். எதையோ பிடித்து இழுத்ததில் வண்டி குப்புறக் கவிழ்ந்தது. மறுபடி கோட்டைத் தள்ளி நிமிர்த்தினான். மறுபடி கோட்டைத் தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்தினான். மூவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு படத்தை ஓடவிட்டார்கள்.

பேருந்து வந்தது. வண்டி பறந்து கூரைமேல் ஏறியது, இறங்கியது, குட்டிக்கரணம் அடித்தது, நிமிர்ந்தது, தன் இடத்தில் வந்து நின்றது.

சன்னாசிக்கு முகம் வெளுத்தது. "நாமதான் தப்பைத் திருத்திட்டோமே! திருத்தினதையும் சேர்த்துல்ல காட்டிக்குடுக்குது? உளவாளியா இருக்குமோ?"

கோதண்டம் படத்தை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "என் ஆயுசுல பார்த்த ஒவ்வொரு அதிகாரியும் நாம செஞ்ச தப்பை மட்டும்தான் எழுதிவெச்சான். இது திருத்தினதையும் குறிச்சிருக்கு. நேர்மையான மெஷின்டா இது."

"அழிச்சுட்டுப் புதுசாச் செய்யலாமா தலைவரே?"

"என்ன பேச்சு பேசுற! செஞ்சதை அழிக்கிறது ஆளுற கட்சிக்காரன் வேலை. அமுக்குடா பச்சையை!"

திங்கட்கிழமை வந்தது. கையெழுத்துப் போடுமுன் எதையும் பார்ப்பது ஆணையர்களுக்கு வழக்கமில்லை. போட்டபின் பார்ப்பதும் இல்லை.

"படம் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

உத்தரவு கைக்கு வந்தது: 'இணையதளப் படத்தில் உள்ளபடியே பேருந்துக்கு ஒதுங்கி, அதே இடத்தில் வியாபாரம் செய்யலாம். படத்துக்கு மாறாக நடந்தால் இடம் ரத்து.'

வெற்றி ஊர்வலம் முடிந்து வாசலுக்குத் திரும்பியபோது பேருந்து ஒன்று ஹாரன் அடித்தது.

"தலைவரே, படத்துல உள்ளபடி பார்த்தா வண்டி மேல ஏறணும்" என்றான் சூசை.

"ஏத்துங்க! உத்தரவை மீறினா இடம் போயிடும்."

சங்கமே திரண்டு சன்னாசியின் வண்டியைச் சுண்டலோடு கூரைமேல் ஏற்றியது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டித் திட்டினார். கோதண்டம் உத்தரவை உயர்த்திக் காட்டினார். அரசாங்க முத்திரையைப் பார்த்த நடத்துநர் பயந்து விசில் ஊதினார். குட்டிக்கரணத்துக்கு ஆள் பிரித்துக்கொண்டிருக்கும்போதே பேருந்து கிளம்பிவிட்டது.

அடுத்த பேருந்தில் வெள்ளரிக்காய் போனது. அதற்கடுத்ததில் கரும்புச்சாறு. சாயங்காலத்துக்குள் சங்கத்தின் வண்டிகள் எல்லாம் திசைக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தன. வாசல் வெறிச்சோடிக் கிடந்தது.

"இப்ப என்ன பண்றது தலைவரே? விக்கிறதுக்கு வண்டியே இல்லையே" என்று சன்னாசி மூக்கைச் சிந்தினான்.

"வண்டி போனா போகட்டும்டா. இடம் நம்மளது! யாரும் பிடுங்க முடியாது!" கோதண்டம் வண்டிகள் நின்ற இடத்தின் நட்டநடுவில் போய் மார்பை நிமிர்த்தி நின்றார்.

பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்னடா முழிக்கிறீங்க? உத்தரவு எல்லாருக்கும் ஒண்ணுதான். தூக்குங்க!"

தூக்கினார்கள். கூரைமேல் நின்று கை உயர்த்தி, "இடம் எங்களுக்கே!" என்று முழங்கியபடி கோதண்டம் ஊர் எல்லையைத் தாண்டிப் போனார். பேருந்து எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கீழே நின்றவர்கள் அடுத்து யார் ஒதுங்குவது என்று வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.