கொக்காட்டிகுளத்து மாப்பிள்ளையும் வெங்காயத்தாள் எண்ணெயும்

கொக்காட்டிகுளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள் என்று ஆரம்பித்தால், ஏதோ ராஜா காலத்துக் கதை என்று நினைத்துவிடுவீர்கள். இப்போதும் இருக்கிறார்கள். தென்காசியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்தான், போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மூத்தவன் இசக்கியப்பன், நடுவுள்ளவன் வண்டிமலையான், கடைசி உச்சிமாகாளி. இவர்களுக்குப் புத்தி சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று தாய்மாமா வேலாண்டி தினமும் காலையில் வந்துவிடுவார். அவர் வராமல் இருந்தாலே பாதி புத்தி வந்திருக்கும்.

மூன்று பேரும் தங்கமான பிள்ளைகள். சொன்ன பேச்சைத் தட்டமாட்டார்கள். கஷ்டமே அதுதான். பஸ்ஸில் 'படியில் நிற்காதீர்' என்று எழுதியிருந்ததை வண்டிமலையான் ஒருநாள் எழுத்துக்கூட்டிப் படித்தான். அன்றிலிருந்து படியில் உட்கார்ந்துதான் போகிறான்.

இசக்கியப்பனுக்கு வயது முப்பத்தாறு. பதினோரு இடத்தில் பெண் பார்த்தும் ஒன்றும் கைகூடவில்லை. பன்னிரண்டாவதாக வந்த வரன் செல்வக்கனி. தென்காசியில் ஃபிரைடு ரைஸ் தள்ளுவண்டி போட்டிருக்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அவள் வண்டியைச் சுற்றிக் கூட்டம் நெரியும். எல்லாம் அவள் ஊற்றும் வெங்காயத்தாள் எண்ணெயின் வாசம் செய்யும் வேலை. அவளுடைய போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து இசக்கியப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த இடமும் தப்பிப் போனால் தாடி வளர்த்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டான். பாவம், நிஜமாகவே சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவனுடைய போனுக்குச் செல்வக்கனியின் குரல்பதிவு ஒன்று வந்து சேர்ந்தது.

"வணக்கம். சுத்தி வளைக்காம சொல்லிருதேன். எனக்கு வண்டியைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு. வீட்டுல எண்ணெய் காய்ச்ச ஆள் வேணும். இந்த எண்ணெயை யாரு ஒழுங்கா செஞ்சு காட்டுதாகளோ, அவுகளைத்தான் நான் கட்டிக்கிடுவேன். வெங்காயத்தாள் ஒரு கட்டு போதும், எதுக்கும் மூணு கட்டு வாங்கி வாடாம வச்சுக்கிடுங்க. நல்லா அலசி, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம பாத்துக்கிடுங்க. வெள்ளையைத் தனியா, பச்சையைத் தனியா நறுக்கணும். கடலை எண்ணெயில, சிறு தீயில, முதல்ல வெள்ளை, பொறவு பச்சை. கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே நிக்கணும். கருகுறதுக்கு முன்னாடி இறக்கிரணும். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்பாவோட வாரேன்."

இதைப் பத்தொன்பது தடவை கேட்டார்கள். கேட்டு முடித்ததும் வேலாண்டி மாமா தொண்டையைக் கனைத்தார்.

"ஏல, ஒண்ணைக் கவனிச்சீங்களா? செஞ்சு காட்டுதவுகளைத்தான் கட்டிக்கிடுவேன்னு சொல்லுதா. அப்போ இசக்கியைத் தவிர வேற யாரும் எண்ணெயில கை வைக்கக்கூடாது. வச்சா அவனும் சேத்துக் கட்டிக்கிட வேண்டியதாயிரும்."

தம்பிகள் இருவரும் நடுங்கிப்போய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை சந்தையில் மூன்று கட்டு வெங்காயத்தாள் வாங்கினார்கள். வாடக்கூடாது அல்லவா? இசக்கியப்பன் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டான். உச்சிமாகாளி பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்தான். முன்சீட்டில் இருந்த பெரியவர் குடைக்கம்பி காதில் குத்தியதாகச் சத்தம் போட்டார். "வாடிரும் தாத்தா" என்று அவன் பணிவாகச் சொன்னதும், அவர் தன் காதைப் பொத்திக்கொண்டு பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மூன்று கட்டையும் அலசித் துடைத்து, கொடியில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பார்க்க வேண்டும். அண்டாவைக் கவிழ்த்தார்கள். குடங்களைக் கவிழ்த்தார்கள். வண்டிமலையான் மாடியேறித் தண்ணீர் டேங்கையும் திறந்துவிட்டான். கடைசியில் மாமா குடித்துக்கொண்டிருந்த செம்பையும் பிடுங்கி வாசலில் கொட்டினார்கள்.

"இப்ப வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது" என்றான் வண்டிமலையான், பெருமையாக.

ஆனால் இசக்கியப்பன் முதல் தாளில் கத்தியை வைத்ததுமே கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணே, தண்ணி!" என்று அலறினான் உச்சிமாகாளி.

கூடிப் பேசினார்கள். கண்ணைத் தொடுவது எண்ணெயைத் தொடுவது ஆகாது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். எனவே அண்ணனின் இடது கண் வண்டிமலையானுக்கு, வலது கண் உச்சிமாகாளிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு பக்கமிருந்தும் துண்டு வந்து கண்ணை ஒற்றியது. பாதி நேரம் அவன் பார்வை இல்லாமல்தான் நறுக்கினான். விரல்கள் பத்தும் மிஞ்சியது அவனுடைய நல்ல காலம்.

வெள்ளை ஒரு தட்டிலும் பச்சை ஒரு தட்டிலும் சேர்ந்தன. நடுவில் ஒரு துண்டு வந்தது. அது வெள்ளையும் இல்லை, பச்சையும் இல்லை. கத்தி நின்றுவிட்டது.

"இது வெள்ளைதான்" என்றான் வண்டிமலையான். "கொஞ்சம் பச்சையான வெள்ளை."

"இல்லண்ணே. இது பச்சைதான். கொஞ்சம் வெளுத்த பச்சை" என்றான் உச்சிமாகாளி.

"அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சேத்துராதீங்க" என்றார் மாமா. "பொண்ணு இதைப் பத்தி ஏதாவது சொல்லிச்சா?"

இருபதாவது தடவையாகக் குரலைக் கேட்டார்கள். நடுத்துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சொல்லாத ஒண்ணைச் செய்யக்கூடாது மாமா" என்றான் இசக்கியப்பன். மூன்று கட்டின் நடுத்துண்டுகளையும் பொறுக்கி எடுத்து எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டார்கள். எந்த வழக்கும் இல்லாமல் ஆடு அதைத் தின்றது.

கேஸ் அடுப்பில் சட்டி ஏறியது, எண்ணெய் ஊற்றியாயிற்று, முதல் கட்டின் வெள்ளையும் விழுந்தது. இசக்கியப்பன் கண்ணை எடுக்காமல் பார்க்க ஆரம்பித்தான். கால் மணி நேரம் பார்த்தான். அரை மணி நேரம் பார்த்தான். ஒரு குமிழ் கூட எழும்பவில்லை.

"சிறு தீன்னா நேரம் எடுக்கும்" என்று மாமா தேற்றினார்.

முக்கால் மணி நேரம் கழித்து உச்சிமாகாளி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, அடுப்பே பத்த வைக்கலை."

"எப்படில பத்த வைப்பேன்? தீப்பெட்டி பின்னால அலமாரியில இருக்கு. திரும்பினா கண்ணை எடுத்த மாதிரி ஆயிருமே. நீ பத்த வை."

"ஐயோ, நான் மாட்டேன். பத்த வச்சா நானும் கட்டிக்கிடணும்."

"தீக்குச்சி உரசுதது சின்ன வேலைதானல. அதுக்கு எவ்வளவு கல்யாணம் வந்திரும்?"

வண்டிமலையான் மனக்கணக்குப் போட்டான். "கால் கல்யாணமாவது வரும்ண்ணே."

அண்ணன் கல்யாணத்தில் கால்பங்கு எடுத்துக்கொள்ளத் தம்பிகளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் மாமாதான் முன்வந்தார். அவர் ஏற்கெனவே கல்யாணமானவர், அவர் தொட்டால் செல்லாது. இருந்தாலும் பின்னால் வில்லங்கம் வரக்கூடாதே என்று அத்தைக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, நான் இங்க ஒரு அடுப்பைப் பத்த வைக்கலாமா? உனக்குச் சம்மதமா?"

"எதையாவது பத்த வச்சுத் தொலையும்!" என்று அத்தை போனை வைத்தாள். சம்மதம் கிடைத்துவிட்டது.

தீ பிடித்ததும் எண்ணெய் சலசலத்தது. வெள்ளை வதங்கியது, பிறகு பச்சையையும் போட்டான். வாசம் தெருவரை போனது. தாள்கள் பொன்னிறத்துக்கு வந்தன. அந்த நிமிஷம் சட்டியை இறக்கியிருந்தால் இந்தக் கதையும் இல்லை, எனக்கும் வேலை இல்லை.

"இறக்கட்டுமா மாமா?"

"பொறு. கருகுறதுக்கு முன்னாடி இறக்கணும்னு சொல்லியிருக்கு. இன்னும் கருகவே இல்லையே. கருகினாத்தானே அதுக்கு முன்னாடி எதுன்னு நமக்குத் தெரியும்?"

மறுபேச்சுப் பேச முடியாத நியாயம் அது. முதல் கட்டைக் கருகவிட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நேரம் தவறாமல் இருக்க உச்சிமாகாளி தீ வைத்ததிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தான். எழுநூற்று முப்பத்துநாலில் எல்லாம் கரிக்கட்டை ஆனது. வீடு முழுக்கப் புகை. நான்கு பேரும் இருமினார்கள், ஆனால் முகத்தில் திருப்தி.

"எழுநூத்தி முப்பத்திநாலு!" என்றார் மாமா. "அதுக்கு முன்னாடின்னா?"

"எழுநூத்தி முப்பத்திமூணு" என்றான் இசக்கியப்பன்.

இரண்டாவது கட்டை மிகச் சரியாக எழுநூற்று முப்பத்துமூன்றில் இறக்கினார்கள். அதுவும் கரிதான். ஒரு தாளின் ஒரு ஓரம் மட்டும் பழுப்பாக இருந்ததாக வண்டிமலையான் இன்றைக்கும் சாதிக்கிறான்.

இனி இருப்பது ஒரே ஒரு கட்டு. மணி பதினொன்றரை. இசக்கியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பிகள் துண்டோடு தயாராக நின்றார்கள்.

"நாம முன்னாடி போனது போதலை" என்றான் வண்டிமலையான். "இன்னும் முன்னாடி போகணும்."

"எவ்வளவு முன்னாடி? அறுநூறா? ஐநூறா?"

"எதுக்கு வம்பு?" என்று கேட்டார் மாமா. கண்ணை மூடி யோசித்தார். "அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடியே இறக்கிட்டா? அதுவும் கருகுறதுக்கு முன்னாடிதான? அதை விட முன்னாடி ஒண்ணு கிடையாதுல."

மூன்று மருமகன்களும் மாமாவின் முகத்தையே பார்த்தார்கள். இப்படி ஒரு மூளை நம் குடும்பத்தில் இருக்கிறதே என்று உச்சிமாகாளிக்குப் பெருமை தாங்கவில்லை. அடுப்பை அணைத்தார்கள். சட்டியைத் துடைத்துவிட்டுக் காய்ச்சாத எண்ணெயை ஊற்றி, அதில் வெள்ளைத்துண்டுகளைப் போட்டார்கள். பச்சையைத் தட்டில் வைத்துப் பக்கத்தில் மூடிவைத்தார்கள். கருகும் பேச்சுக்கே இடமில்லை.

பன்னிரண்டு மணிக்குச் செல்வக்கனி வந்தாள். கூட அவளுடைய அப்பா சங்கரபாண்டி. நல்ல வெயில். அவர் உட்கார்ந்ததும், "கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி" என்றார்.

"ஒரு சொட்டுக் கூட கிடையாது மாமா" என்றான் இசக்கியப்பன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. "வேணும்னா டேங்கைக்கூட ஏறிப் பாருங்க."

சங்கரபாண்டி மகளைப் பார்த்தார். மகள் கொட்டிக் கிடந்த கரியைப் பார்த்தாள், புகை படிந்த சுவரைப் பார்த்தாள், பிறகு சட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இது பச்சை எண்ணெயால்லா இருக்கு?"

"கருகலையே, பாத்தீங்களா?" என்றான் இசக்கியப்பன். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். எழுநூற்று முப்பத்துமூன்று வரும்போது செல்வக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டைப் பற்றிச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போலாம்மா" என்று எழுந்தார் சங்கரபாண்டி.

"இருங்கப்பா. இவ்வளவு பாடுபட்டிருக்காக." அவள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. அடுப்பைப் பற்ற வைத்து, அந்தச் சட்டியைத் தூக்கி மேலே வைத்தாள். வெள்ளை வதங்கியதும் பச்சையைப் போட்டாள். பொன்னிறம் வந்ததும் இறக்கி, வடிகட்டினாள். முந்தின ராத்திரி மிஞ்சிய சோற்றில் இரண்டு கரண்டி ஊற்றிப் பிசைந்து ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தாள்.

சாப்பிட்டதும் நான்கு பேரும் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்கள். நெடுநேரம் குசுகுசுவென்று சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது இசக்கியப்பனின் கண்கள் சிவந்திருந்தன. இந்தத் தடவை வெங்காயம் காரணமில்லை.

மாமா கைகூப்பினார். "அண்ணாச்சி, நாங்க வாக்குத் தவறாத குடும்பம். எண்ணெயை யாரு ஒழுங்கா செஞ்சு காட்டுதாகளோ அவுகளைத்தான் கட்டிக்கிடுவேன்னு உங்க மக சொல்லிருக்கா. ஒழுங்கா செஞ்சது உங்க மகதான். அதனால அவ அவளையேதான் கட்டிக்கிடணும். எங்க பையனுக்குக் குடுத்து வைக்கலை."

"எங்க இருந்தாலும் நல்லா இருங்க" என்றான் இசக்கியப்பன். "கல்யாணத்துக்குப் பந்தி பரிமாற நாங்க மூணு பேரும் வந்திருவோம்."

செல்வக்கனி தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சங்கரபாண்டிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"பொண்ணு பக்கம் அப்பா இருக்காக. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு யாரும் வரலையே" என்று உச்சிமாகாளி கவலைப்பட்டான். "மாப்பிள்ளை தனியா வந்திருக்காவ, பாவம்." உடனே அண்ணன் தம்பி மூவரும் செல்வக்கனியின் பக்கம் போய், மாப்பிள்ளை வீட்டாராக வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். மாமா வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தார்.

"எல்லாம் சரி, முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் அவர். "மாப்பிள்ளை பொண்ணை ஒரு தடவை பாத்து, பிடிச்சிருக்கான்னு வாயால சொல்லணும்."

வண்டிமலையான் ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து செல்வக்கனியின் முன்னால் மரியாதையாகப் பிடித்தான். "நல்லா பாத்துக்கிடுங்க. வெக்கப்பட வேண்டாம்."

செல்வக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். பிறகு ஓரக்கண்ணால் இசக்கியப்பனையும் ஒருதரம் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

இசக்கியப்பனால் தாங்க முடியவில்லை. கண்ணாடி அருகே குனிந்து, அதற்குள் இருந்த பெண்ணிடம் மெதுவாகச் சொன்னான்:

"மனசை விட்டுராதம்மா. என்கிட்டயும் பதினோரு பேரு இப்படித்தான் சொல்லிட்டுப் போனாவ."