சிட்டுக்குருவி ஏன் கைக்கு வருவதில்லை

அந்தக் காலத்தில், வாயுள்ள எல்லா உயிருக்கும் பேச்சு இருந்தபோது, செங்காயி என்றொருத்தி கணவன் காளியண்ணனோடு ஓர் ஓலை வீட்டில் குடியிருந்தாள். அந்த வீட்டில் தொட்டில் கட்டியதே இல்லை. தானியக் குதிருக்கடியில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. விட்டத்தில் ஓர் அணில். கூரை இறங்கும் எரவாணத்தில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. செங்காயிக்குக் குருவியின்மேல்தான் உயிர். அவள் கம்பு புடைக்க உட்கார்ந்தால் அது உள்ளங்கையிலேயே வந்து நின்று கொத்தித் தின்னும்.

ஒருநாள் காலை குருவி பதறிக்கொண்டு வந்தது.

"அக்கா, முட்டையில ஒண்ணைக் காணோமுங்க."

செங்காயி நேராகக் குதிரடிக்குப் போனாள். சாரை தலையைத் தூக்கியது.

"நான் எடுக்கலை, தாயி. எரவாணத்துப் பக்கம் போகாதேன்னு நீங்க சொன்ன நாள்ல இருந்து நான் மேல ஏறுறதே இல்லை. ஓலைக்குள்ள எலி ஓடுற சத்தம் கேக்குது. ஏறிப் பாக்கட்டுங்களா?"

"மேல ஏற வழி தேடுறியா?" என்றாள் செங்காயி. துடைப்பத்தை எடுத்து அதைக் காடு வரைக்கும் விரட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் இன்னொரு முட்டை காணாமல் போயிருந்தது.

அதற்கப்புறம் அவளுக்கு அடுப்பு வேலையில் மனம் நிற்கவில்லை. அணில் வாய் நிறைய எதையோ கவ்விக்கொண்டு போனது. நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். பஞ்சுதான் இருந்தது. பஞ்சுக்குள் ஒளித்து வைத்திருக்குமோ என்று அதையும் பிய்த்துப் பார்த்தாள். சுவரில் பல்லி சும்மா இருந்தது. ஏன் சும்மா இருக்கிறது என்று அதையே வெகுநேரம் முறைத்தாள். காளியண்ணன் கஞ்சி குடிக்க வந்தபோது அவன் துண்டை உதறிப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, என்னையுமா?" என்றான் அவன்.

"யாரை நம்புறதுன்னே தெரியலைங்க" என்றாள் அவள்.

உச்சிவேளையில் குருவி இரை தேடிப் போயிருந்தது. செங்காயி எட்டி, மிச்சமிருந்த முட்டைகளை எடுத்து, பஞ்சில் பொதிந்து, உறியில் தொங்கிய சட்டிக்குள் வைத்து மூடினாள். எல்லார் கண்ணிலிருந்தும் அவற்றை மறைத்தாகிவிட்டது என்று இருந்தது அவளுக்கு.

குருவி திரும்பி வந்து வெறுங்கூட்டைப் பார்த்தது.

"அக்கா, நீங்க வீட்டுலதானே இருந்தீங்க. யாராச்சும் எடுத்ததைப் பாத்தீங்களா?"

செங்காயி நிமிர்ந்தாள். விட்டத்தில் அணில் காதை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"நான் பாக்கலை" என்றாள்.

குருவி அங்கே நிற்கவில்லை. வேலி வேலியாக, மரம் மரமாகத் தன் முட்டைகளைத் தேடிக்கொண்டு போயிற்று. செங்காயி வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். இருட்டும் வரை அது வரவில்லை.

விடிந்தபின்தான் வந்தது. செங்காயி அவசரமாகச் சட்டியை இறக்கி மூடியைத் திறந்தாள்.

"இங்க பாரு அம்மிணி, பத்திரமா வச்சிருக்கறேன். யாரும் தொடலை."

குருவி பஞ்சை விலக்கி, முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முட்டைகள் கூழாங்கல்லைப்போல் சில்லிட்டே கிடந்தன; உள்ளே உயிர் இல்லை.

"நீங்கதானாக்கா" என்றது.

"காப்பாத்தத்தான் எடுத்தேன். அந்த அணில் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, அதனாலதான்..."

"உங்களைத்தான் கேட்டேன். பாக்கலைன்னு சொன்னீங்க."

அன்று காளியண்ணன் எரவாணத்து ஓலையைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே எலி வளையும், வளையின் வாயில் முட்டை ஓடுகளும் இருந்தன. அவன் அந்த ஓடுகளை எடுத்து வந்து மனைவியின் முன் வைத்தான். செங்காயி காட்டோரம் வரை போய்ச் சாரையைக் கூப்பிட்டாள். அது அவள் காலடிச் சத்தம் கேட்டதுமே புதருக்குள் நழுவிவிட்டது.

குருவிக்கு வேறு போக்கிடம் இல்லை. வெளியே பருந்தும் காக்கையும் இருந்தன. அதே வீட்டில், எட்டாத உயரத்தில், புதிதாகக் கூடு கட்டியது. ஆனால் செங்காயியோடு அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கம்பை உள்ளங்கையில் ஏந்தி நின்றாள். கை வலித்துத் தாழும்வரை நின்றாள். குருவி தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் தானியத்தைத் தரையில் இறைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகுதான் அது இறங்கி வந்தது.

அன்றிலிருந்துதான் சிட்டுக்குருவி நம் கூரைக்கடியிலேயே குஞ்சு பொரித்தாலும், நம் தானியத்தையே தின்றாலும், தலையைச் சாய்த்து நம்மைப் பார்க்கிறது. கையை நீட்டினால் பறந்துவிடுகிறது.