பாஷாவின் தாடியில் தயிர்

பனிக்காலம் நெருங்கிவிட்டதால், கேவ்ரான் என்ற குர்துக் குலத்தார் மலைச்சரிவில் தங்கள் புதிய கல்வீடுகளுக்கு அவசர அவசரமாகக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்த மாகாணத்தை ஆளும் பாஷா படையோடு வந்து சேர்ந்தார். அவர்கள் கொடுத்த தயிரைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அரசாங்க மொழியில் சொன்னார்:

"நாளைக்கே இடத்தைக் காலி செய்யுங்கள். சொந்த மொழி உள்ள குலத்துக்குத்தான் நிலம். நீங்கள் பேசுவது மொழியா? சரளைக்கல் உருளும் சத்தம்!"

"பனியில் குழந்தைகளோடு எங்கே போவோம், பாஷா?" என்றார் குலத்தலைவர், தட்டுத்தடுமாறி அதே அரசாங்க மொழியில்.

"உங்கள் பேச்சு வெளியாள் ஒருவருக்காவது புரிகிறது என்று காட்டுங்கள். இங்கேயே இருந்துகொள்ளலாம்."

சிப்பாய்கள் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். பாஷா முன்னால் புரிகிறது என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

ஆடு கறக்கும் பெஸே கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். பாஷாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் மானம் போகக்கூடாதே என்று கவலைப்படுபவள்போல், குர்து மொழியில் மெல்லச் சொன்னாள்:

"ஐயா, உங்கள் தாடியில் தயிர்."

பாஷாவின் கை சட்டென்று தாடிக்குப் போனது. தடவினார். விரல்களைப் பார்த்தார்.

"ஒன்றும் இல்லையே!" என்றார். அதையும் குர்து மொழியிலேயே சொல்லிவிட்டார்.

அதுவரை எதுவும் புரியாததுபோல் நின்ற சிப்பாய்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

"தயிர் இல்லைதான், பாஷா," என்றாள் பெஸே. "மொழி இருக்கிறது."

பாஷா தாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "கூரையைக் கெட்டியாகப் போடுங்கள்," என்றார், தன் அம்மாவின் மொழியில்.