சிஸ்டர் என்று அழைத்தவளின் வாக்கு

பொருநைக் கரையூர் ஒன்றின் பிரசவ ஆஸ்பத்திரியில் நடந்ததாக இந்தக் கதை சொல்லப்படுகிறது. அடைமழை நாள் என்பாரும் உண்டு. கத்திரி வெயில் என்பாரும் உண்டு. செண்பகவடிவு என்ற பெண் ஒரே ஒருவருக்குத்தான் வாக்குக் கொடுத்தாள் என்பதில் மட்டும் சொல்வோரிடையே மாறுபாடு இல்லை.

செண்பகவடிவுக்கு அது இரண்டாம் பேறு. முதல் பிள்ளை தங்கவில்லை. அதனால், வலி எடுத்தபோது வலியைவிடத் தனியாகக் கிடப்பதே அவளுக்குப் பெரும் பயமாக இருந்தது. நர்ஸ் சலோமி அவள் நெற்றியைத் தடவி, "நான் பக்கத்துலயேதான் இருப்பேன். எது வேணும்னாலும் 'சிஸ்டர்'னு ஒரு குரல் குடுங்க, போதும்" என்றாள்.

நர்ஸுகளை அவ்வூரார் அப்படித்தான் அழைத்தார்கள். எழுபது வயதுக் கிழவரும் இருபது வயதுப் பெண்ணைச் சிஸ்டர் என்று அழைத்தே மாத்திரை கேட்பார். அவள் பெயர் என்னவென்று கேட்க எவருக்கும் தோன்றியதில்லை.

மயக்க ஊசி இறங்கியதும் அறை மெல்லக் கரைந்தது. கூரை ஆற்றின் மேல்பரப்பாயிற்று. தான் அடியில், குளிர்ந்த மணலில் கிடப்பதாகச் செண்பகவடிவுக்குத் தோன்றியது. மின்விசிறி மிக உயரத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டு எங்கோ போயிற்று. மனிதக் குரல்கள் மீன்களைப் போல அருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு சொல். அதை வாய்விட்டுச் சொன்னாள். "சிஸ்டர்..." சொல் குமிழியாகி மேலே போயிற்று. எவரும் வரவில்லை.

அப்போது சலோமி அடுத்த அறையில் இருந்தாள். அங்கே ஒருத்திக்கு உதிரம் நிற்கவில்லை. போகாமல் இருக்க முடியாது. அவளுக்குப் பதிலாக வந்த நர்ஸ் திலகவதி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். பிள்ளையின் தலை திரும்பியிருந்ததால் நிமிர்ந்து பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை.

செண்பகவடிவு மறுபடி அழைத்தாள். சொரசொரப்பான கை ஒன்று வந்து அவள் கையைப் பற்றியது. பினாயில் வாசம் வந்தது.

"சிஸ்டரா?"

"இல்ல தாயி. தரை துடைக்க வந்தவ நான்."

செண்பகவடிவின் பிடி நழுவியது. இன்னும் ஆழத்துக்கு அவள் இறங்குவது முகத்தில் தெரிந்தது. உதடு மட்டும் அதே சொல்லை முனகியது. தரை துடைக்க வந்த மாடத்தி பயந்துபோய்க் குனிந்தாள். "ஆமா தாயி, சிஸ்டர்தான். இருக்கேன்" என்றாள்.

பிடி இறுகியது.

"பிள்ளை உசுரோட வந்தா உங்க பேருதான் வைப்பேன், சிஸ்டர். நீங்கதான் அது காதுல கூப்பிடணும்."

"சரி தாயி."

பெண்குழந்தை பிறந்தது, ஆனால் அழவில்லை. திலகவதி வாயைத் துடைத்து, உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து, தன் மூச்சையே ஊதி, கடைசியில் அதை அழவைத்தாள். அதுவரை மாடத்தி அந்தக் கையை விடவில்லை.

வீட்டுக்குப் புறப்படும் நாளில், "என் கையப் பிடிச்சிருந்த சிஸ்டர் யாரு? பேரு வைக்காம நான் படியிறங்க மாட்டேன்" என்று செண்பகவடிவு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாக்கு ஆள் மாறிப்போனால் இந்தப் பிள்ளையும் தங்காது என்ற அச்சம் அவளைப் பிடித்திருந்தது. அவள் சொன்ன வாக்கைக் கேட்டு சலோமி, திலகவதி, மாடத்தி மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க கூப்பிட்டது என்னைத்தான். அப்படிக் கூப்பிடச் சொன்னதே நான்தானே? அங்க ஒரு உசுரு போய்ட்டிருந்துச்சு, வர முடியல. அது என் குத்தமா?" என்றாள் சலோமி.

"நல்லாருக்கே! நான் கொஞ்சம் அசந்திருந்தா பேரு வைக்கப் பிள்ளை ஏது?" என்றாள் திலகவதி.

மாடத்தி வாளியோடு கதவருகே நின்றாள். "கையப் பிடிச்சது நான்தான். ஆனா என்னை விட்டுருங்க. சிஸ்டர்னு பொய் சொல்லி வாங்கின வாக்கு அது. பிள்ளைக்கு ஆகாது."

"அப்ப மூணையும் சேத்து வைங்க," என்று சிரித்தாள் சலோமி. "சலோமி திலகவதி மாடத்தி! வாத்தியார் ஆஜர் எடுத்து முடிக்கறதுக்குள்ள பள்ளிக்கூடம் விட்டுரும்."

எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவடிவு சிரிக்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கேட்டிருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள். அழைக்கப்பட்டவள் ஒருத்தி, உயிர் கொடுத்தவள் ஒருத்தி, தனக்கில்லாத பெயரை ஏற்றுக்கொண்டவள் ஒருத்தி. இம்மூவரில் யாருடைய பெயர் அந்தப் பிள்ளைக்கு உரியது?

விடை: மாடத்தியின் பெயரே உரியது. சலோமிக்கும் திலகவதிக்கும் செண்பகவடிவு பட்ட நன்றிக்கடன் பெரிது. ஆனால் நன்றி வேறு, வாக்கு வேறு. வாக்கு, அதைக் காதில் வாங்கிச் சரி என்றவருக்கு உரியது. பொய் சொன்னேன் என்ற மறுப்பும் நிற்காது. நீரடியில் கிடந்தவள் படிப்பையும் வெள்ளை உடுப்பையும் தேடி அச்சொல்லைச் சொல்லவில்லை; தன்னைத் தனியே விடாத ஒருவர் அங்கே உண்டா என்றே கேட்டாள். அதற்கு 'இருக்கேன்' என்றவள், சொன்னபடியே இருந்தாள். செண்பகவடிவுக்கும் அதுவே சரியென்று பட்டது. மாடத்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். தன் பெயரைத் தானே கூப்பிடும் கூச்சத்தில் பிள்ளையின் காதில் மெல்ல முணுமுணுத்தாள். "உரக்கக் கூப்பிடுங்க. எம் பிள்ளைக்குக் கேக்கணும்" என்றாள் செண்பகவடிவு.