ஜோடி என்றொரு பெயர்

உஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு. பிறகு டப், டப், டப் என்று ரப்பர் பேண்டு சுற்றும் சத்தம். கொவ்வை முட்டையிலிருந்து வெளிவந்து சில நாளே ஆன மீன்குஞ்சாக இருந்தபோது கேட்டது அது. சுனையின் கரையில் இரண்டு மனிதர்கள் குந்தியிருந்து, பிளாஸ்டிக் பைகளில் தண்ணீரும் காற்றும் நிரப்பி வாயைக் கட்டினார்கள். ஒவ்வொரு பையிலும் இரண்டு செவ்வரி மீன்கள். பைகளைக் கூடையில் அடுக்கி மலை இறங்கிப் போய்விட்டார்கள்.

போன மீன்கள் திரும்பி வரவில்லை. கொவ்வை அந்தச் சத்தத்தை மறக்கவில்லை.

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறையின் மடியில் இருந்தது அந்தச் சுனை. செவ்வரி மீன்கள் அங்கே மட்டும்தான் உண்டு. சாம்பல் நிற உடம்பு; செவுளிலிருந்து வால்வரை ஒரே ஒரு சிவப்புக் கோடு. மிச்சம் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். கொவ்வையும் அவளுடைய அக்கா முருக்கியும் அந்தப் பன்னிரண்டில் சேர்த்தி.

ஒரு கோடையில், ஊர்ப்பக்கம் போய்வந்த காக்கை தண்ணீர் குடிக்க இறங்கியது.

“உங்க ஆளுங்களை டவுன்ல பார்த்தேன். மீன் கடையில இருக்காங்க.”

“மீன் கடையிலா!” முருக்கி நடுங்கிப்போனாள்.

“குழம்பு மீன் கடை இல்ல தாயி. அழகு மீன் கடை. கண்ணாடித் தொட்டி, மேல விளக்கு, வேளைக்குச் சாப்பாடு. ஒருத்தன் வந்து, ‘ஜோடி என்ன விலை?’ன்னு கேட்டான். கடைக்காரன் ‘ஜோடி நாற்பதாயிரம்’னான். அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கிடலாம்.”

ஜோடி என்பது கொவ்வைக்குப் புதிய சொல். சுனையில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. டவுனில் செவ்வரி மீனுக்கு வைத்திருக்கும் பெயர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். நல்ல பெயர்தான். சொல்லும்போது வாயில் ஒரு குமிழி உடைவது போல இருந்தது.

“எங்களைவிடச் சிவப்பா அங்கே யாரும் இல்லையா?” என்று கேட்டாள்.

“ஏன் இல்லாம? தங்க மீன் உடம்பு பூராவும் சிவப்பு. விலை முப்பது ரூபாய். அது தெருவுக்குத் தெரு சிமெண்ட் தொட்டியில குஞ்சு பொரிக்குது. நீங்க இந்த ஒரு சுனையில மட்டும்தானே? பிடிச்சுட்டுப் போனாலும் பத்துக்கு எட்டு வழியிலேயே செத்துப்போகுது. போனதுலயும் ஒண்ணுகூட கண்ணாடித் தொட்டியில முட்டை வச்சதில்லை. உங்களைக் குஞ்சு பொரிக்க வச்சுட்டா அவன்தான் பணக்காரன். விலை உங்க சிவப்புக்கு இல்ல தாயி, எங்க தேடினாலும் நீங்க கிடைக்காததுக்கு.”

“இன்னும் குறைஞ்சுபோனா?”

“இன்னும் ஏறும்,” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் காக்கை பறந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கொவ்வை அக்காவிடம் சொன்னாள்: “இனிமே என்னை ஜோடின்னு கூப்பிடு.”

“கொவ்வைங்கிற பேருக்கு என்ன குறைச்சல்?”

“அதுக்கு விலை இல்லையே.”

“விலை போனவங்க பைக்குள்ள போனாங்க. பத்துக்கு எட்டு சாகுதுன்னு காக்கை சொன்னது காதுல விழுந்ததா?”

“விழுந்தது. மிச்ச ரெண்டுல நான் இருப்பேன்.”

சுனைக்குக் கீழே ஓடையில் ஒரு நீர்நாய் இருந்தது. மூன்று கோடையாகச் செவ்வரி மீன்களைத் தேடி, ஒன்றுகூடக் கிடைக்காமல் நண்டைக் கடித்துக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் மீன்கள் எங்கே ஒதுங்குகின்றன என்று அதற்குத் தெரியவில்லை. கொவ்வை நீர் வழியும் விளிம்புவரை போய் அதைக் கூப்பிட்டாள்.

“அத்தி வேர் தொங்குதே, அதுக்குப் பின்னால ஒரு பிளவு. மத்தியானம் எல்லாரும் அங்கேதான். என்னை மட்டும் விட்டுடணும்.”

நீர்நாய் தலையைச் சாய்த்துப் பார்த்தது. “உன் சனத்தை நீயே காட்டிக்கொடுக்கிற. உனக்கென்ன கிடைக்கும்?”

“நான் ஒருத்திதான் மிச்சம்னா, என் விலைக்கு எல்லையே இருக்காது.”

“விலையெல்லாம் எனக்குத் தெரியாது. பசி தெரியும். சரி, உன்னைத் தொடமாட்டேன்.”

முதல் நாள் நான்கு பேர் போனார்கள். மறுநாள் மூன்று. அடுத்த நாள் மூன்று. கொவ்வை, மேல்பாறையிலிருந்து சுனைக்குள் சிற்றருவி விழும் இடத்தில் ஒதுங்கிக்கொண்டாள். வெள்ளை நுரைக்கு அப்பால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

நாலாம் நாள் முருக்கி அவளிடம் வந்தாள். “எப்படி வழி தெரிஞ்சதுன்னே புரியலை. நீயும் நானும்தான் பாக்கி. இங்கே தனியா இருக்காதே கொவ்வை. பிளவுல இன்னும் உள்ளே தள்ளி உனக்கு இடம் பார்த்து வச்சிருக்கேன்.”

“நீ போ, வர்றேன்,” என்றாள் கொவ்வை.

போகவில்லை.

மழை பெய்து ஓய்ந்ததும் வியாபாரி மலையேறி வந்தார். கூட ஓர் ஆள், ஒரு கூடை, ஒரு வலை. கொவ்வை தானாகவே நீந்திப்போய் வலையில் ஏறிக்கொண்டாள். மணிக்கட்டில் அவர் ரப்பர் பேண்டுகளைப் போட்டிருந்தது தெரிந்தது.

“வேற இல்லையாப்பா?”

“அரை நாளா துழாவிட்டேன்ணே. இது ஒண்ணுதான்.”

வியாபாரி கொவ்வையைப் புரட்டிப் பார்த்தார். “பொட்டை. வயித்துல முட்டை இருக்கு. ஆண் இல்லாம இதை வச்சு என்ன பண்றது? கேக்கிறவன் ஜோடியாத்தான் கேக்கிறான். குஞ்சு எடுக்கலாம்னுதானே அவ்வளவு காசு கொடுக்கிறான்?”

“ஒத்தைக்கும் ஏதாச்சும் தருவாங்கண்ணே.”

“வழியிலேயே செத்துரும். பஸ் செலவுக்குக் கட்டாது. விடு, இங்கேயே கிடக்கட்டும்.”

வலையைக் கவிழ்த்தார்கள். உஸ்ஸென்ற மூச்சுக்கும் டப், டப் சத்தத்துக்கும் கொவ்வை காத்திருந்தாள். கேட்டதெல்லாம் சருகில் இறங்கிப் போகும் காலடிகள்.

காக்கை வந்தது. “என்ன, உன்னை விட்டுட்டுப் போறாங்க?”

“ஜோடிதான் வேணுமாம். என்னைப் பார்த்துக்கிட்டே சொல்றாங்க. நான்தானே ஜோடி?”

காக்கை சுனையை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. எங்கும் வேறு சிவப்புக் கோடு தெரியவில்லை.

“ஜோடின்னா ரெண்டு பேரு, தாயி.”

தன் மதிப்பு உயர வேண்டும் என்று கூட இருப்பவர்களைக் குறைக்கிறவர், அந்த மதிப்பைக் கொடுத்தவர்களையே இழந்துவிடுகிறார்.

கொவ்வை இன்னும் மூன்று மழைக்காலம் அந்தச் சுனையில் இருந்தாள். ஒவ்வொரு மழைக்கும் முட்டை வைத்தாள், ஒன்றும் பொரிக்கவில்லை.