கமுகு வாயடைத்த கதை

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சு இருந்தது. கேட்கிற காது மனிதனுக்கும் இருந்தது. மலையடிவாரத்தில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு கமுகு நின்றது. இப்போது பார்க்கிற ஒல்லி மரம் இல்லை. நாலு பக்கமும் கிளை, கிளை நிறையக் குலை. பாக்கும் தித்திப்பாக இருக்கும். துவர்ப்பு மருந்துக்கும் கிடையாது.

ஊருக்கு அதுதான் வைத்தியர். ஈறு வீங்கி வருகிறவனிடம், "கொட்டையைச் சுட்டுக் கரியாக்கித் தேய்" என்று சொல்லும். பேதிக்கு ஓர் அளவு, வயிற்றுப் பூச்சிக்கு வேறு அளவு. அளவு தப்பினால் மருந்தே எமன். ஆகவே ஊரில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மரத்திடம் கேட்காமல் ஒரு பாக்கையும் தொடக்கூடாது. கேட்டுவிட்டு அடியில் நிற்க வேண்டும். மரம் "வேண்டாம்" என்றால் திரும்பிவிட வேண்டும். நிழல் ஒரு முழம் நகரும்வரை மரம் ஒன்றும் சொல்லாவிட்டால், சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆற்றில் வலை வீசுகிற கோலப்பனுக்கு நீலம்மை என்று ஒரு மகள். ஆறு வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவளுக்கும் வயிறு பானைபோல, கைகால் ஈர்க்குச்சிபோல. தின்கிற சோறெல்லாம் பூச்சிக்கே போனது.

கோலப்பன் கமுகிடம் வந்து கேட்டான்.

"காய்ந்த கொட்டையில் புளியங்கொட்டை அளவு சுரண்டு. மோரில் கலந்து வெறும் வயிற்றில் ஒரே ஒரு தடவை கொடு. அடுத்த பௌர்ணமிவரை என் பக்கம் வராதே" என்றது கமுகு.

கிளையில் இருந்த அணில் எட்டிப் பார்த்தது. "நல்லாக் கேட்டுக்கிடும் மாமா. வலையில ஓட்டை எங்கேன்னே உமக்குத் தெரியாது. புளியங்கொட்டை அளவா தெரியப்போவுது?"

கோலப்பன் சிரித்துக்கொண்டே போனான். அவன் சிரித்ததை யாரும் பார்த்தது அதுதான் கடைசி.

மருந்து வேலை செய்தது. பூச்சி விழுந்தது. மறுநாள் நீலம்மை இரண்டாம் முறை சோறு கேட்டாள், கோழியை விரட்டினாள். மூன்றாம் நாள் மறுபடி சுருண்டு படுத்தாள். கோலப்பன் ஓடி வந்தான்.

"தாயி, பாதிப் பூச்சி உள்ளே நிக்கி. இன்னும் ரெண்டு கொட்டை குடு."

"வேண்டாம், கோலப்பா. களைப்புத்தான் அது. கஞ்சி கொடு, தேறிவிடுவாள்."

சாயங்காலம் மறுபடி வந்து கேட்டான். வேண்டாம் என்றது. மறுநாள் காலையில் பெண்டாட்டி ஆவுடையையும் கூட்டி வந்தான். அவள் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு கேட்டாள்:

"நீயும் காய்க்கிறவதானே? உன் குலை கண்ணு முன்னால வாடினா பாத்துக்கிட்டு நிப்பியா?"

கமுகுக்குச் சொல்ல வேண்டிய சொல் தெரியும். ஒரே ஒரு சொல். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. நிழல் ஒரு விரல் நகர்ந்தது. ஒரு சாண் நகர்ந்தது.

"சொல்லேன்! வாயைத் திறந்து சொல்லேன்!" என்று அணில் கத்தியது.

நிழல் ஒரு முழம் நகர்ந்தது. கோலப்பன் ஏறினான். காய்ந்ததைத் தேட அவனுக்குப் பொறுமை இல்லை. பச்சைக் காயாகவே பறித்தான்.

தித்திப்பாக இருந்ததால் பிள்ளை இன்னும் கேட்டது. மூன்று பாக்கு கொடுத்தார்கள். உச்சி வெயிலில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. "அம்மா, வீடு சுத்துது" என்றாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் கோலப்பன் வந்தான். கையில் கோடரி இருக்கும் என்று கமுகு நினைத்தது. இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தது. வெறுங்கையோடுதான் வந்தான்.

"பிள்ளையைப் பொதிஞ்சு வைக்க ஒரு மட்டை எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, கட்டுப்பாட்டின்படி அடியில் நின்றான்.

மரத்தால் பேச முடியவில்லை. நிழல் ஒரு முழம் நகர்ந்தது. கீழே கிடந்த அகலமான மட்டையை எடுத்துக்கொண்டான். போகும்போது திரும்பாமலே சொன்னான்: "நேத்தும் நீ வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்."

அந்த வாரத்தில் கமுகின் கிளைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இருக்க இடமில்லாமல் இறங்கிய அணிலிடம் அது கடைசியாகப் பேசியது.

"சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத வாய் எனக்கு எதற்கு? அந்தச் சொல்லை இனிமேல் கொட்டைக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். கடித்தவுடன் துவர்க்கட்டும், தொண்டையைப் பிடிக்கட்டும், தலை சுற்றட்டும். வேண்டாம் என்று அப்போதாவது தெரியும்."

"மனுஷன் அதையாவது கேப்பானா?" என்றது அணில்.



அன்று முதல்தான் கமுகு கிளையும் பேச்சும் இல்லாமல் ஒற்றைக் காலில் நிற்கிறது. பச்சைப் பாக்கைக் கடித்தால் தொண்டை அடைத்துத் தலை சுற்றுகிறது. மனிதனுக்கு அதுவும் பழகிவிட்டது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, அந்த "வேண்டாம்" என்பதையே ருசி என்று மெல்கிறான். தீர்ந்ததும் மறுபடி மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறான். மரம் ஒன்றும் சொல்வதில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏறுகிறான்.