எலுமிச்சம்பழக் காருக்கு ஒரு பேட்டரி

"இருக்கறதுலயே எடை குறைஞ்ச பேட்டரி எது, குருவே?" என்று கேட்டார் மரகதமணி.

கேட்டவருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பது. ஊரில் சிலருக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் இல்லை.

குருவின் பெயர் தாட்சாயணி. கோயம்புத்தூரைத் தாண்டி, பந்தயக் கார்களுக்கான ஒர்க்‌ஷாப் ஒன்றை நடத்திவந்தாள். ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவள். மரகதமணியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக்கை விடுங்க்கா, விடுங்க்கா" என்று தொண்டை கட்டக் கட்டக் கத்தி அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

இன்று அவள் கத்தவில்லை.

"எந்தக் காருக்குங்க்கா?"

"என்ன கேள்வி அம்மிணி இது? என் காருக்குத்தான்."

வாசலில் லாரி நின்றது. அதன் முதுகில் மரகதமணியின் சிவப்புக் கார். இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. அவ்வளவு வேகமாக ஓடக்கூடிய வண்டி, பேட்டரி செத்துப்போய், நோயாளியைப் போல இன்னொரு வண்டியின் மேல் ஏறி வந்திருந்தது.

அதைக் கீழே இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் நவநீதன், மரகதமணியின் ஒரே மகன். இறக்கி முடித்ததும் உள்ளே வந்தான்.

"மேடம், சாதா பேட்டரியே போதுமுங்க. சும்மா ஸ்டார்ட் ஆனாப் போதும். புதன்கிழமை வண்டியைப் பாக்க ஆள் வருது."

தாட்சாயணி மரகதமணியைப் பார்த்தாள்.

"விக்கறீங்களா?"

"அவன் விக்கறான்."

"கார் உங்க பேர்லதானுங்க இருக்கு?"

"பேர்லதான் இருக்கு" என்றார் மரகதமணி. சொன்னதுமே வாய் கசந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் சோளக்கரட்டு மலைப்பாதையில், கார்களுக்கான மலையேற்றப் பந்தயம். மூன்றாவது வளைவில் சக்கரம் வழுக்கி, கார் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரச் சுவரில் போய் மோதியது. மரகதமணிக்குக் காறையெலும்பு முறிந்தது. எலும்பு சீக்கிரமே கூடிவிட்டது, காரையும் சரிசெய்தாயிற்று. சொந்தக்காரர்களின் வாய்தான் மூடவில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆளே அந்தச் சொந்தத்தில் இல்லை.

நவநீதன் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கார் சாவியைக் கொண்டுபோய்ப் பூஜை அறையில், சாமி படங்களுக்கு நடுவே வைத்துவிட்டான்.

ஒளித்து வைத்திருந்தால் மரகதமணி சண்டை போட்டு வாங்கியிருப்பார். சாமியிடம் எப்படிப் பிடுங்குவது?

ஆயுத பூஜைக்கு மட்டும் சாவி வெளியே வரும். காருக்குச் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்தின் அடியிலும் நான்கு எலுமிச்சம்பழம். கார் தன் நீளம் அளவுக்கு மட்டும் முன்னால் நகர்ந்து பழத்தை நசுக்கும். பின்னால் வந்து நிற்கும். அப்புறம் உறையைப் போட்டு மூடிவிடுவார்கள்.

தாட்சாயணி தரையில் இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தாள்.

"தூக்கிப் பாருங்க."

முதல் பேட்டரி இடுப்பு உயரம் வருவதற்குள் மரகதமணிக்குக் காறையெலும்பு சுரீரென்றது. மகன் பார்க்கிறானே என்று முகத்தில் காட்டாமல் கீழே வைத்தார்.

இரண்டாவதை ஒரே கையில் தூக்கினார். சாப்பிட்டு முடித்த டிபன் கேரியர் கனம்கூட இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

"இதுதான். இதையே மாட்டு."

"இது ஒசத்தின்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் தாட்சாயணி. "லேசு, அவ்வளவுதான். உள்ள கொஞ்சமாத்தான் கரண்ட் பிடிக்கும். வண்டி சும்மா இருந்தாலும் அலாரம், கடிகாரம்னு ஏதாவது ஒண்ணு அதைத் தின்னுட்டேதான் இருக்கும். கனமான பேட்டரி தாங்கும். இது தாங்காது. அடியோட வத்திப் போச்சுன்னா, தூக்கி எறிய வேண்டியதுதான்."

"அதனால?"

"அதனால ஒரே கேள்விதானுங்க்கா. வண்டி எத்தனை நாள் நிக்கும்?"

"புதன்கிழமை வரைக்கும்ங்க" என்றான் நவநீதன்.

"உங்களைக் கேக்கலீங்க."

மரகதமணி தரையைப் பார்த்தார்.

"புதன்கிழமை வரைக்கும்" என்றார்.

"அப்பக் கனமானதே சரி." தாட்சாயணி கனமான பேட்டரியை எடுத்துக்கொண்டாள். நடந்துகொண்டே கேட்டாள். "விக்கற காருக்கு எதுக்குங்க்கா எடை குறையணும்?"

எடை குறைந்த பேட்டரியைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்தவர் மரகதமணி. எதன் எடை எவ்வளவு, எது அவர் காரில் உட்காரும், எல்லாம் மனப்பாடம். புதன்கிழமை வருகிறவன் பேட்டரியைக் கையில் தூக்கியா பார்க்கப்போகிறான்?

மரகதமணிக்குக் கோபம் வந்தது.

"நீயும் அவன்கூடச் சேந்துட்டியா?"

"நான் பேட்டரி மாட்டறேனுங்க்கா."

தாட்சாயணி காருக்குப் பக்கத்தில் போனவள், மாட்டாமல் நின்றாள். பேட்டரியைக் கீழே வைத்தாள். முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, திருப்புளியால் டயரின் பள்ளத்தில் எதையோ நெம்பினாள். எழுந்து வந்து மரகதமணியின் கையை விரித்து, அதில் வைத்தாள்.

காய்ந்து கறுத்துச் சுருண்ட ஒன்று. ஓரத்தில் மட்டும் மஞ்சள்.

"என்னதுங்க அது?" என்றான் நவநீதன்.

தாட்சாயணி அதற்குள் முன்மூடியைத் திறந்துவிட்டாள்.

"எலுமிச்சம்பழத் தோல்" என்றார் மரகதமணி.

போன ஆயுத பூஜைக்கு நசுக்கிய பழம். அதற்கப்புறம் தீபாவளி வந்துபோயிற்று. பொங்கல் வந்துபோயிற்று. மழை வந்து, வெயில் வந்து, இப்போது மறுபடியும் தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது. வீட்டுக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் ஒரு தடவை போய்வந்திருந்தால்கூட இந்தத் தோல் எங்காவது தெறித்து விழுந்திருக்கும்.

விழவில்லை. டயருக்குள் பத்திரமாக இருந்தது.

தன் பம்ப்செட் கடையில் வருஷக்கணக்காக நின்று நின்று கால் வீங்கியது மரகதமணிக்கு நினைவு வந்தது. அப்படிச் சம்பாதித்து வாங்கிய கார். அவருக்கு அவமானமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. அழப் பிடிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எலுமிச்சம்பழம் நசுக்கறதுக்கா நான் இந்தக் காரை வாங்கினேன்?"

காருக்குள்ளிருந்து ஸ்பேனர் திருகும் சத்தம் மட்டும் வந்தது.

"நிறுத்து அம்மிணி."

"ஒரு போல்ட்டுதானுங்க்கா பாக்கி."

"கழட்டு."

"ஏனுங்க?"

"கழட்டுன்னாக் கழட்டு! அந்தக் குண்டுக்கல்லை என் காரை விட்டு வெளிய எடு."

தாட்சாயணி மாட்டியதைவிட வேகமாகக் கழற்றினாள்.

நவநீதன் அம்மாவின் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, அன்னைக்கு உங்களை ஸ்ட்ரெச்சர்ல பாத்தது நானுங்கம்மா."

மரகதமணி அவன் கன்னத்தைத் தொட்டார். நல்ல பிள்ளை. அதுதான் இத்தனை நாள் அவரைக் கட்டிப்போட்டது. கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் அடுத்த வாரமே காரை எடுத்திருப்பார்.

"தெரியும் கண்ணு. பயப்படாதேன்னு நான் சொல்ல மாட்டேன். பயப்படு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. அந்த மூணாவது வளைவு இன்னும் கனவுல வருது. ஆனா உனக்குப் பயமா இருக்குன்னு நான் கார் ஷெட்டுக்குள்ள போயி நிக்க முடியாது. உறையைப் போட்டு மூடிக்க முடியாது."

"சொந்தக்காரங்க..."

"அவங்க வீட்டு வண்டியை அவங்க மூடி வெக்கட்டும்."

தாட்சாயணி லேசான பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வண்டி எத்தனை நாள் நிக்குமுங்க்கா?" என்று மறுபடியும் கேட்டாள்.

மரகதமணி அவளைப் பார்க்கவில்லை. மகனிடம் கையை நீட்டினார்.

"சாவியைக் குடு."

அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சாவியில் இன்னும் விபூதி வாசம் அடித்தது. மரகதமணி அதைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார்.

லேசான பேட்டரி உட்கார்ந்தது. மூடி சாத்தப்பட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் நவநீதன் வெளியே போனான். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தான். முன்சக்கரத்தின் அடியில் வைத்தான்.

"மெதுவா நசுக்கிட்டு நிறுத்துங்கம்மா" என்றான். வருஷா வருஷம் சொல்கிற வார்த்தை, தானாகவே வந்துவிட்டது.

மரகதமணி இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். காறையெலும்பு இருக்கும் இடத்தில் பெல்ட் அழுத்தியது. அங்கேயே அழுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

சாவியைத் திருகினார். கார் முதல் திருகிலேயே உறுமியது. ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை அதிர்ந்தது. அவர் காலை எடுக்காமல் கிளட்சின் மேலேயே வைத்திருந்தார்.

தாட்சாயணி பக்கத்து இருக்கையில் ஏறவில்லை. வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

அப்போது நவநீதனின் போன் அடித்தது. எடுத்துப் பேசினான். காரின் ஜன்னலுக்குக் குனிந்தான். சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"வாங்கறவருங்கம்மா! வண்டி இப்ப எங்க நிக்குதுன்னு கேக்கறாரு!"

மரகதமணி கியரைப் போட்டார். சக்கரத்தின் அடியில் பழம் பட்டென்று வெடித்தது.

"நிக்கலைன்னு சொல்லு."